கேட்டால் தாமதமாகுமா?
பேரிடருக்குப் பின் மக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் சீரமைப்பு தாமதமாகும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அது சரியாகப் படவில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை 2005-இல் கத்ரீனா புயல் தாக்கிய பிறகு, 2006 ஜனவரியில் வெளியான நகரச் சீரமைப்பு வரைபடத்தில், பிராட்மூர் குடியிருப்பின் மேல் பூங்காவுக்கான பச்சை வட்டம் இருந்தது. அங்கே வாழ்ந்த பலருக்கு விஷயமே செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. அப்புறம் அவர்களே கூடி, தெருத்தெருவாகப் பேசி, சொந்தமாக ஒரு மறுசீரமைப்புத் திட்டம் தயாரித்தார்கள். இன்றும் அது குடியிருப்புதான். வேகம் முக்கியம், சரி. ஆனால் செலவுக் கணக்கு மக்கள் கண்ணில் படாவிட்டால் முறைகேடு தாமதமாகத்தான் வெளிவரும். அந்த நகரின் அப்போதைய மேயர் ரே நேகின் ஒப்பந்ததாரர்களிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றது 2014-இல். அத்தனை வருடம் கழித்து! எந்த வேலை யாருக்கு, எவ்வளவுக்கு என்று பணி நடக்கும்போதே வார்டுவாரியாகப் பலகையில் எழுதி வைத்தால், வீடிழந்தவர்களே அன்றைக்கே கேள்வி கேட்பார்கள்.