டூலிப்புக்குக் கொட்டும் காசைக் கிரவுன் இம்பீரியலில் போடுங்கள்

இங்கிலாந்தில் செப்டம்பர் பிறந்தால் தோட்டக்கடைகளில் டூலிப் கிழங்குப் பைகள் குவிந்துவிடும். வாங்குகிறோம், நவம்பரில் நடுகிறோம், ஏப்ரலில் படம் போட்டு லைக் அள்ளுகிறோம். அடுத்த வருடம் அதே இடத்தில் பாதிக்கு மேல் வெறும் இலைதான். மறுபடி காசு. நல்ல வெயில் விழும் பாத்தி இருந்தால், வருடா வருடம் தானாக எழும்பி வரும் உயரமான கிழங்குகளை நடுங்கள் என்பதே என் கட்சி.

என் ஓட்டு கிரவுன் இம்பீரியல் என்ற கிழங்குப் பூச்செடிக்கு. துருக்கி, ஈரான் மலைகளிலிருந்து இமயமலை அடிவாரம் வரை தானாக வளரும் செடி. 16ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல் வழியாக வியன்னாவுக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஒரு மீட்டர் தண்டு, உச்சியில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் மணிகள் வட்டமாகத் தலைகீழாகத் தொங்கும், அதற்கும் மேலே பச்சை இலைக் குடுமி. ஏப்ரலில் பூத்ததும் ஒருமுறை குனிந்து மணிக்குள் அண்ணாந்து பாருங்கள். ஆறு இதழ்களின் அடியிலும் ஆறு தேன்துளிகள், பளபளவென்று, கீழே சொட்டாமல் நிற்கும். புளூ டிட் குருவிகள் இதைக் குடிக்க வரும். பூவில் தேன் குடிக்கும் பறவையைப் பிரிட்டனில் பார்ப்பதே அபூர்வம்!

நாற்றம்? ஆமாம், கிழங்கைத் தொட்டாலே நரி வாடை. ஜன்னலோரம் நடாதீர்கள், அவ்வளவுதான். டூலிப்பைத் தோண்டித் தின்னும் அணில்கள் இதைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கிழங்கின் நடுவில் குழி இருக்கும், தண்ணீர் தேங்கும், அதனால் சாய்த்து நடு என்பார்கள். நடுங்கள், தப்பில்லை. ஆனால் களிமண்ணில் ஈரம் நின்றால் எப்படி நட்டாலும் அழுகத்தான் செய்யும். 20 முதல் 30 செ.மீ. ஆழம் தோண்டி, அடியில் பொடி ஜல்லி கலந்துவிடுங்கள். கோடையில் அந்த மண் காய்ந்து கிடப்பதுதான் இதற்குப் பிடிக்கும்.

உயரமானதைப் பின்வரிசையில் வை என்ற விதி இங்கே எடுபடாது. ஏப்ரலில் பாத்தியே மொட்டையாகத்தான் கிடக்கும், எதை மறைக்கப் போகிறது? நடுவிலேயே வையுங்கள். பூ முடிந்தபின் இலை மஞ்சளாகி அசிங்கமாகும்போது சுற்றியிருக்கும் ஜெரேனியம் பூச்செடிகள் வளர்ந்து மூடிவிடும். மே மாதத்துக்குப் பர்ப்பிள் சென்சேஷன் என்ற அல்லியம் வகையையும் இடையில் செருகலாம். வெங்காய இனம், பூக்கும்போதே அதன் இலை வாடத் தொடங்கும். தயவுசெய்து பச்சை இலையை வெட்டாதீர்கள், அடுத்த வருடப் பூவுக்கான சாப்பாடே அதில்தான் தயாராகிறது.

இலையைத் தின்னும் சிவப்பு லில்லி வண்டு வரும். பிடிக்கும்போது இன்னொரு கையை அடியில் ஏந்துங்கள். தொட்டதும் கீழே விழுந்து மல்லாந்துவிடும், கறுப்பு வயிறு மண்ணில் தெரியவே தெரியாது.

விலை? ஒரு கிழங்குக்குக் கொடுக்கும் காசில் ஒரு பை டூலிப் வாங்கலாம்தான். சரி, மூன்று போதும். ஆனால் கடைக்கு வந்ததுமே வாங்கி, செப்டம்பரிலேயே நட்டுவிடுங்கள். தள்ளுபடி வரட்டும் என்று காத்திருந்தால் பைக்குள்ளேயே காய்ந்துபோனதுதான் மிஞ்சும்.