குழல்வாய் ஆற்றலை வைத்துத் தோட்டா தேர்வு செய்வது சரியல்ல
குழல்வாயில், அதாவது துப்பாக்கிக் குழலைவிட்டுக் குண்டு வெளியேறும் இடத்தில், ஆற்றல் அதிகமுள்ள தோட்டாதான் தொலைதூர வேட்டைக்கு ஏற்றது என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. விலங்கைத் தொடும்போது குண்டுக்கு எவ்வளவு வேகம் மிச்சமிருக்கிறது என்பதுதான் கேள்வி. ஈயக்கரு கொண்ட வேட்டைக் குண்டுகள் பலவும் விலங்கின் உடலில் பட்டு விரிய நொடிக்கு 1,800 அடியாவது வேண்டும். முழுச் செம்புக் குண்டுக்கு 2,000 அடி இருப்பதே பாதுகாப்பு. அதற்குக் கீழே போனால் குண்டு விரியாமல் ஊசிபோலத் துளைத்து வெளியேறும், காயம்பட்ட விலங்கு வெகுதூரம் ஓடித் துடித்துச் சாகும். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகையில் 143 கிரெய்ன் (குண்டு எடையின் அலகு) குண்டு நொடிக்கு 2,700 அடியில் கிளம்பினால் 500 கெஜத்தில் ஏறக்குறைய 2,030 அடி மிச்சமிருக்கும் என்கிறது வேக அட்டவணை. ஆனால் அந்த அட்டவணை 24 அங்குலக் குழலுக்கானது! 20 அங்குலக் குழலில் தொடக்கத்திலேயே சுமார் 100 அடி குறையும், ஆகவே சொந்த ரைஃபிளில் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்தே சுடும் தூரத்தின் எல்லையை முடிவு செய்ய வேண்டும். மேலே கருத்து எழுதிய ஒருவர் .270 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் 170 கிரெய்ன் நீளக் குண்டைப் பரிந்துரைத்திருக்கிறார். குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்கள் வழக்கமான 10 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு (ஒரு முழுச் சுற்று) என உள்ள குழலில் அதற்குப் போதிய நிலைத்தன்மை கிடைக்காது, 8 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு தேவை. .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா காற்றில் குறைவாக விலகுவதில் நிச்சயம் மேல், ஆனால் அதன் உதைப்பில் கண்ணை மூடி விசையைச் சுண்டுபவருக்கு 300 கெஜமே அதிகம்.