சீஸ் ஆன (உள்ளே இறுகிச் சுழலாமல் நின்ற) இன்ஜினை டீசல் ஊற்றி விடுவிக்கலாமா?

பரவும் தகவல்: "இன்ஜின் சீஸ் ஆகிவிட்டதா? பிளக் துளையில் டீசல் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். காலையில் செல்ஃப் அடித்தால் ஓடும்."

உண்மை: பெரும்பாலும் தவறு. மாதக்கணக்கில் நின்று, பிஸ்டன் ரிங் துருவால் சிலிண்டரில் ஒட்டிய இன்ஜினுக்கு மட்டுமே இது ஓரளவு பொருந்தும். அதற்கும் துரு இளக்கும் எண்ணெயே மேல்.

அதிவேக கார்களில் வழக்கமான காரணம் வேறு. நீண்ட வளைவில் ஆயில், சம்ப்பின் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. பிஸ்டனை கிராங்கோடு (இன்ஜினின் சுழலும் தண்டு) இணைப்பது கனெக்டிங் ராட்; ஆயில் கிடைக்காத அதன் பேரிங் சூடேறி கிராங்கில் ஒட்டிக்கொள்கிறது. மேலே ஊற்றும் டீசல் அந்த இடுக்கை எட்டாது. ரிங் வழியே கசிந்து ஆயிலை நீர்க்கச் செய்வதுதான் மிச்சம்.

முதலில் ஏசி கம்ப்ரஸரை ஓட்டும் வெளிப்புற பெல்ட்டைக் கழற்றுங்கள்; இறுகியது ஏசி கம்ப்ரஸராகவும் இருக்கலாம் (இன்ஜினையே இறக்கிய பிறகு இது தெரிந்தால் கொடுமை). அடுத்து நியூட்ரலில் வைத்து, எல்லா பிளக்குகளையும் எடுத்துவிட்டு, கிராங்க் போல்ட்டை இன்ஜின் சுழலும் திசையில் கையால் திருப்புங்கள். பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தால் சிலிண்டரில் நீர் புகுந்திருக்கிறது. அப்போது இன்ஜின் சுழன்றாலும் ராட் வளைந்திருக்கலாம். அசையவே இல்லையா? ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்: செம்பு நிறத் துகள்கள் பெரும்பாலும் பேரிங்கினுடையவை.

பேரிங் மட்டும் மாற்றினால் நிற்காது. கிராங்கில் விரிசல் சோதனை வேண்டும்; 50 மி.மீ. ஜர்னலுக்கு (கிராங்கில் பேரிங் அமரும் பகுதி) பேரிங்குடனான இடைவெளி சுமார் 0.05 மி.மீ. இருக்க வேண்டும்; ராட் போல்ட்டுகளும் புதியவையாக இருக்க வேண்டும். ஆயில் கூலரையும் மாற்றிவிடுங்கள். அதில் தங்கிய துகள் புதிய பேரிங்கையும் அரித்துவிடும்.