ஆர்த்தோ டிரேப்பை எடை பார்த்து வாங்காதீர்கள்

முட்டி மாற்று, இடுப்பு மாற்று ஆபரேஷனுக்கு விரிக்கிற டிஸ்போசபிள் டிரேப் பேக்கை நம் பக்கத்தில் இன்னும் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற எடை) கேட்டுத்தான் வாங்குகிறார்கள். "நாற்பதா ஐம்பதா, ரேட் என்ன?" பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சர்ஜிக்கல் பொருள் வியாபாரம் செய்கிறேன், புதுச்சேரி, சிதம்பரம் வரைக்கும் சப்ளை உண்டு, எல்லா இடத்திலும் இதே கேள்விதான். எடை கூடினால் தண்ணீர் நிற்கும் என்று யார் சொன்னது?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கத்தி வைக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு நோயாளியை மூடுகிற விரிப்புதான் டிரேப். முன்பு எல்லா இடத்திலும் பச்சைப் பருத்தித் துணிதான். உலர்ந்திருக்கும்வரை பரவாயில்லை. நனைந்துவிட்டால் அதன் வழியாகக் கிருமி இந்தப் பக்கம் வந்துவிடும் என்று அமெரிக்காவில் வில்லியம் பெக் என்கிற சர்ஜன் 1952-லேயே எழுதிவிட்டார். எலும்பு ஆபரேஷனில் நனையாமல் இருக்குமா? ரத்தம், டிரில் போடும்போது ஊற்றுகிற சலைன், கடைசியில் கழுவுகிற சலைன், மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்கிற ஆர்த்ராஸ்கோப்பி என்றால் லிட்டர் கணக்கில் தண்ணீர், அதற்கு மேல் சர்ஜனும் அசிஸ்டன்ட்டும் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே வைப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். அதன் மேல் கொஞ்சம் கிருமி ஒட்டினால் போதும், பாசி மாதிரி படலம் கட்டிக்கொண்டு ஆன்டிபயாடிக்குக்கு அசையாது. பிறகு வைத்ததைக் கழற்றி, மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி வேறு வைக்க வேண்டிய நிலைமைகூட வரும். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனுஷிக்கு இது என்ன கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது எடை விஷயத்துக்கு வருகிறேன். நல்ல டிரேப் எஸ்.எம்.எஸ். துணியில் வரும். மேலும் கீழும் ஸ்பன்பாண்ட், நடுவில் மெல்ட்ப்ளோன், எல்லாம் பாலிப்ரொப்பிலீன். வெளி அடுக்குகள் கிழியாமல் தாங்குவதற்கு. தண்ணீரையும் கிருமியையும் தடுப்பது நடுவில் இருக்கிற அந்த நுண்ணிய இழை அடுக்கு. செலவு பிடிப்பதும் அதுதான். அதை மெலிசாக்கிவிட்டு வெளி அடுக்கைத் தடிமனாக்கினால் அதே ஐம்பது ஜி.எஸ்.எம். வந்துவிடும், தொட்டுப் பார்த்தால் இன்னும் கனமாகக்கூட இருக்கும், விலையும் குறையும். சிலர் வெறும் ஸ்பன்பாண்டையே எஸ்.எம்.எஸ். என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2020-ல் கொரோனாவுக்காக பி.பி.இ. தைக்க இறங்கிய யூனிட்கள் எத்தனையோ, அலை ஓய்ந்ததும் சிலர் டிரேப் பக்கம் வந்தார்கள். அதில் நல்ல சரக்கு போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது.

புது கம்பெனி சாம்பிள் வந்தால் கடையில் நான் செய்வது இதுதான். டேபிளில் டிஷ்யூ பேப்பர், அதன் மேல் டிரேப்பில் ஓட்டையை ஒட்டி வரும் பகுதி, அதன் மேல் கொஞ்சம் சலைன். ஊற்றியதும் எல்லாத் துணியிலும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், விற்க வந்த கம்பெனி ரெப் முகத்திலும் சிரிப்பு நிற்கும். அப்புறம் முழங்கையை வைத்து நன்றாக அழுத்துவேன். மோசமான துணி என்றால் டிஷ்யூவில் ஈரம் வட்டமாகத் தெரியும். இது லேப் டெஸ்ட் ஆகாது, ஆனால் மோசமானதை வாசலிலேயே திருப்பி அனுப்ப இது போதும். முறையான கணக்கு ஐரோப்பாவின் இ.என். 13795 தரத்தில் இருக்கிறது: வெட்டுகிற இடத்தைச் சுற்றிய பகுதி சாதாரண ரகத்தில் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், உயர் ரகத்தில் 100. முட்டி, இடுப்பு மாற்றுக்கு உயர் ரகம்தான் வேண்டும் என்பது என் கருத்து. கனமான பேக்கா என்று கேட்கிறவர்கள் இந்த எண்ணை ஏன் கேட்பதில்லை?

விலை இன்னொரு வயிற்றெரிச்சல். 2017 ஆகஸ்ட்டில் முட்டி இம்பிளான்ட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்தது, எத்தனையோ குடும்பங்களுக்கு அது உதவியது. டிரேப்புக்கு அப்படி எதுவும் கிடையாது, எம்.ஆர்.பி.யை வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிற விதி மட்டும். முதலிலேயே எம்.ஆர்.பி.யைப் பல மடங்கு அச்சடித்துவிட்டால் அந்த விதி என்ன செய்யும்? "எம்.ஆர்.பி. அதிகமாகப் போட்டுக் கொடுங்கள்" என்று என்னிடமே நேராகக் கேட்ட இடங்கள் உண்டு. மறுத்தேன், ஆர்டர் போனது. இன்ஷூரன்ஸ் விதிப்படி 'ஆர்த்தோ பண்டில்', அதாவது எலும்பு ஆபரேஷனுக்கான பொருள் கட்டு, ஆபரேஷன் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிய பொருள், தனியாகப் பணம் வராது. அப்படியும் அது தனி வரியாகப் பில்லில் ஏறினால் கடைசியில் நோயாளியின் மகன்தான் கவுண்ட்டரில் நின்று கட்டுகிறான். பில்லில் அந்த வரி இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

துணி டிரேப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. டிஸ்போசபிளோ, மறுபடி பயன்படுத்துகிற துணியோ, ஸ்டெரைல் ஆக, அதாவது கிருமி நீக்கியதாக இருந்தால் எதுவும் போடலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல். ஒரு கம்பி எடுக்கிற சின்னக் கேஸுக்கு முழு ஆர்த்தோ பேக் உடைத்து மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்புவது எனக்கே பிடிக்காது. ஆனால் துவைத்துத் துவைத்து நெசவு விட்டுப்போன துணியை ஐப்பசி, கார்த்திகை மழையில் அரைகுறையாகக் காயவைத்து நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவில் போட்டு, பொட்டலம் ஈரத்தோடு வெளியே வந்தால் அது ஸ்டெரைல் கிடையாது. கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது வருஷா வருஷம் வருகிற பிரச்சினை. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு நாட்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர் இது. அந்த மாதிரி நேரத்துக்காவது இ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்குவது) செய்த சீல் பேக் நாலு கையிருப்பில் வேண்டும்.

ஓ.டி. சிஸ்டர்களே, துணி நனைந்து கீழே இறங்குவதை முதலில் பார்க்கிறவர்கள் நீங்கள்தான். அப்படி நடந்தால் பேக் மேல் இருக்கிற பேட்ச் நம்பரைக் குறித்துவைத்து பர்ச்சேஸில் எழுத்தில் கொடுங்கள். பர்ச்சேஸ் பார்க்கிற நண்பர்களே, அடுத்த கொட்டேஷன் கேட்கும்போது ஜி.எஸ்.எம். பக்கத்தில் நீர் அழுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேளுங்கள், என்னிடமும் சேர்த்து.