‘ரீபில்ட்’ சான்று பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது

அமெரிக்காவில் ‘சால்வேஜ்’ முத்திரை (கார் பெருஞ்சேதம் அடைந்தது என்று உரிமைச் சான்றில் இடப்படும் குறிப்பு) பெற்ற காரைப் பழுதுபார்த்து, மாநிலச் சோதனையில் தேறி ‘ரீபில்ட்’ உரிமைச் சான்று வாங்கிவிட்டால், அது விபத்தே காணாத காருக்கு நிகர் என்றொரு செய்தி பரவி வருகிறது. அது தவறு.

பல மாநிலங்களில் அந்தச் சோதனையின் முதன்மை நோக்கம், பொருத்தப்பட்ட பாகங்கள் திருட்டுப் பொருள்கள் அல்ல என்று உறுதிசெய்வதே. வளைந்த அடிச்சட்டம் சரியாக நேராக்கப்பட்டதா, விரிந்துபோன ஏர்பேக்குக்குப் பதிலாக முறையான புதியது வைக்கப்பட்டதா என்பதற்கெல்லாம் அது உத்தரவாதம் தருவதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய காரில் மின்கம்பி இணைப்புகளின் அரிப்பு பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டும் என்பதால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்கும்படி நான் எவருக்கும் சொல்லமாட்டேன். ஆலங்கட்டி மழையில் மேற்தகடு மட்டும் நசுங்கிய கார் வேறு வகை. அதை ஆராய்ந்து வாங்கலாம்.

அளவுகோலும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: நியூயார்க்கில் சேதம் காரின் மதிப்பில் 75 சதவீதத்தை எட்டினாலே முத்திரை விழும், டெக்சாஸில் பழுதுச் செலவு முழு மதிப்பையும் தாண்ட வேண்டும். ஆகவே முத்திரைக்குக் காரணமான சேதம் எது என்பதற்கான பழுதுக்கு முந்தைய படங்களையும் ரசீதுகளையும் விற்பவரிடம் கேளுங்கள். விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவர் காரை உயர்த்தி அடிப்பகுதியைப் பார்க்கட்டும். முழுக் காப்பீடு தரச் சில நிறுவனங்கள் மறுப்பதால், பணம் கொடுப்பதற்கு முன்பே காப்பீட்டாளரிடம் பேசிவிடுவது அவசியம்.