லெனகாபாவிர்: எச்.ஐ.வி.யைக் குணமாக்கும் தடுப்பூசியா?

“ஆண்டுக்கு 2 ஊசி, எச்.ஐ.வி. குணமாகிவிடும்” என்று சுற்றிவரும் வாட்ஸ்அப் தகவல் தவறு. லெனகாபாவிர் தடுப்பூசியும் அல்ல, தொற்றைக் குணமாக்குவதும் அல்ல. தொற்று இல்லாதவருக்கு அது வராமல் காக்கும் மருந்து. தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் நடந்த பர்ப்பஸ்-1 ஆய்வில் இதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. நல்ல செய்திதான், கைமாறும்போது ‘தடுக்கும்’ என்பது ‘குணமாக்கும்’ ஆகிவிட்டது.

முதல் நாள் தோலுக்கடியில் 1.5 மி.லி. வீதம் 2 ஊசி. அன்றும் மறுநாளும் 300 மி.கி. மாத்திரை இரண்டிரண்டு, ஊசி மருந்து மெதுவாகவே கரையும் என்பதால் இவற்றை விடக்கூடாது. பிறகு 26 வாரத்துக்கு ஒருமுறை ஊசி. கடைசி ஊசி போட்டு 28 வாரம் தாண்டினால் மாத்திரையோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். தொற்று உள்ளவருக்கு இதை மட்டும் தனியே கொடுத்தால், வைரஸ் இம்மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும். அவருக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையே வழி.