வெறும் அட்டைதானே?

போன மாதம் நியூஜெர்சியிலிருந்து ஊருக்கு வந்த என் அத்தை பையன், சூட்கேஸைத் திறந்து பனியனில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தான். பிரித்தேன். ஏழு அங்குல உயரத்தில் ஒரு ஆள். தலையிலிருந்து கால்வரை ஊதா. முகத்தில் மட்டும் வெளிர்நீல முகமூடி.

"டப்பா எங்க மச்சான்?"

"அதுவா, பெட்டில எடத்த அடைச்சுது. வெறும் அட்டதானேன்னு அங்கயே போட்டுட்டேன். பொம்மை பத்திரமா இருக்கு பாரு, ஒரு கீறல் கிடையாது."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் காசு கொடுத்து வாங்கச் சொன்னதே அந்த அட்டைக்காகத்தான். பதினைந்து வருஷமாக அட்டைப்பெட்டி டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். என் சொந்தக்காரனே இப்படிச் சொன்னால் ஊரில் யாரை நோவது?

அந்த ஊதா ஆள் யார் என்று சொல்கிறேன். பெயர் ஜேசன் வூர்ஹீஸ். 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' பேய்ப்படங்களின் கொலைகாரன். படத்தில் அவன் போட்டிருப்பது வெள்ளை ஹாக்கி முகமூடி, அழுக்கேறிய உடை. ஊதாவும் வெளிர்நீலமும் எங்கிருந்து வந்தன? 1989-ல் அந்தப் படத்தை வைத்து நின்டென்டோ என்ற கேம் மெஷினுக்கு ஒரு வீடியோ கேம் வந்தது. அந்த மெஷினில் ஒரு சின்ன உருவத்தை வரைய ஒரே நேரத்தில் மூன்று நிறங்கள்தான் கிடைக்கும். அந்த நெருக்கடிக்குள் வரைந்ததில் திகிலூட்ட வேண்டியவன் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி ஆகிவிட்டான். விளையாட்டும் மட்டம்தான். ஏரிக்கரை முகாமில் மாட்டிக்கொண்ட ஆறு பேரை வைத்துக்கொண்டு கல்லை எறிந்து எறிந்து அவனை ஓட்ட வேண்டும். தோற்றுவிட்டால், நீயும் உன் கூட்டாளிகளும் செத்தாச்சு என்று திரையில் ஒரு வரி வரும். ஆறுதல் பரிசெல்லாம் கிடையாது. மோசமான கேம்களுக்குப் பட்டியல் போடுகிறவர்கள் இன்றைக்கும் இதைத் தவறாமல் சேர்க்கிறார்கள்.

இருபத்துநான்கு வருஷம் கழித்து, 2013 ஜூலையில், அமெரிக்காவின் சான் டியேகோவில் நடக்கும் காமிக்-கான் என்ற காமிக்ஸ், சினிமா ரசிகர் திருவிழாவில் நெக்கா என்ற பொம்மைக் கம்பெனி இந்த ஊதா ஜேசனை அப்படியே பொம்மையாகக் கொண்டுவந்தது. அந்தத் திருவிழாவுக்கென்றே செய்யும் ஸ்பெஷல் பொம்மைகளை எக்ஸ்க்ளூசிவ் என்பார்கள். ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல் கூட்டம் வரும் இடம் அது. பொம்மைக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் முதல் நாள் முதல் காட்சி டிக்கெட் கவுண்டர் தோற்றுவிடும்.

பொம்மை பாதி ஜோக்குதான். மீதி டப்பாவில் இருந்தது. பழைய நின்டென்டோ கேம் டப்பா எப்படி இருக்குமோ, அப்படியே ஒரு டப்பா. தூரத்தில் பார்த்தால் எவனோ பரணிலிருந்து இறக்கிய பழைய கேம் என்றுதான் நினைப்பீர்கள். முன்பக்கத்தைக் கதவு மாதிரித் திறந்தால் பிளாஸ்டிக் ஜன்னலுக்குப் பின்னால் இந்த ஊதா ராசா நிற்கிறான். 'ஹா ஹா' என்று எங்கேயும் அச்சடிக்கவில்லை, கண்ணடிக்கும் கார்ட்டூன் இல்லை, கோணல் எழுத்து இல்லை. ஒரு கேம் டப்பா எவ்வளவு விறைப்பாக இருக்குமோ அவ்வளவு விறைப்பு. அதனால்தான் சிரிப்பு வருகிறது.

இதில் இன்னொரு உள்குத்து இருக்கிறது. அந்த மட்டமான கேமை வெளியிட்டது எல்ஜேஎன் என்ற கம்பெனி. அடிப்படையில் அது பொம்மைக் கம்பெனி! தண்டர்கேட்ஸ் கார்ட்டூன் பொம்மைகள், ரப்பரில் செய்த மல்யுத்த வீரர்கள் எல்லாம் அவர்கள் போட்டவைதான். பொம்மை விற்றவன் கேம் விற்கப் போய்ப் பெயரைக் கெடுத்துக்கொண்டான். கால் நூற்றாண்டு கழித்து இன்னொரு பொம்மைக்காரன் அந்தக் கெட்ட பெயரையே எடுத்து, அதே மாதிரி டப்பாவில் போட்டு, பொம்மையாக விற்றுவிட்டான். அந்த வரிசையில் இன்னொரு பேய்ப்படக் கொலைகாரன் ஃபிரெட்டி க்ரூகரும் வந்தான். அவன் கேமையும் 1990-ல் வெளியிட்டது இதே எல்ஜேஎன்தான். பாவம் அந்தக் கம்பெனி.

என்னிடம் வரும் வாடிக்கையாளர்களில் பத்துக்கு எட்டுப் பேர் "கொஞ்சம் ஃபன்னா பண்ணுங்க சார்" என்பார்கள். ஃபன் என்றால் அவர்கள் அகராதியில் மூன்று அர்த்தம்தான்: பல்லைக் காட்டும் சூரியன், வளைந்து நெளிந்த எழுத்து, மூலையில் மஞ்சள் நட்சத்திரத்துக்குள் 'சூப்பர்'. ஒருதடவை ஒரு மிட்டாய்ப் பெட்டியை மாத்திரைப் பெட்டி மாதிரி டிசைன் செய்து கொடுத்தேன். வெள்ளை அட்டை, சின்ன எழுத்து, 'தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்' என்று ஒரு வரி. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சூப்பர் சார், ஆனா இது மிட்டாய்தான்னு பெருசா எழுதிருங்க, சிரிக்கிற மாதிரி ஒரு பொம்மையும் போட்டுருங்க" என்றார். போட்டேன். ஜோக் அன்றைக்கே காலமாகிவிட்டது. (குழந்தைகள் மருந்தையும் மிட்டாய் என்று தின்றுவிடுமே என்று அவர் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டிருப்பேன். அதை அவர் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.)

சிரிக்காமல் சிரிக்கவைப்பதில் எனக்குப் பிடித்த இன்னொரு ஆள் 2010 காமிக்-கானில் வந்தான். பெயர் மோ-லார். கடைவாய்ப்பல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள் என்று யோசித்தால் பெயர் புரிந்துவிடும். 'ரோபோ சிக்கன்' என்ற கேலி நிகழ்ச்சி, ஹீ-மேன் என்ற கார்ட்டூன் வீரன் வாழும் எட்டர்னியா உலகத்துக்கு ஒரு பல் டாக்டரைக் கற்பனை செய்தது. ஹீ-மேன் பொம்மைகளின் உரிமையை வைத்திருக்கும் மேட்டல் கம்பெனி, மான நஷ்ட வழக்குப் போடாமல், அந்தப் பல் டாக்டரையே பொம்மையாகப் போட்டது. ஹீ-மேனுக்கும் மற்ற வீரர்களுக்கும் எந்த டப்பாவோ அதே பாணி டப்பா, அதே பந்தா. 'எட்டர்னியாவின் பல் மருத்துவர்' என்று பட்டம் வேறு. கூடவே ஸ்கெலட்டர். உலகத்தையே ஆட்டிப்படைக்கத் துடிக்கும் அந்த எலும்பு மூஞ்சி வில்லனுக்கு இந்தச் செட்டில் ஒரு பல் கழன்று வரும்! பெரிய பெரிய வீரர்களுக்குக் கொடுத்த அதே மரியாதையைப் பல் டாக்டருக்கும் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் விஷயம். 'காமெடி ஸ்பெஷல்' என்று மூலையில் ஒரு பட்டை ஒட்டியிருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி 2012-ல், ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் ஜார் ஜார் பிங்ஸைக் கார்பனைட்டில் (அந்தப் படங்களில் ஆளை அப்படியே உறையவைக்கும் பொருள்) உறையவைத்துக் கொடுத்ததும் இந்த ரகம்தான். 1999-லிருந்து ரசிகர்கள் கரித்துக்கொட்டிய ஆளை, ரசிகர்கள் ஆசைப்பட்டபடியே உறையவைத்துவிட்டார்கள்.

வெறும் அட்டையை விற்ற கதையும் இருக்கிறது. திருவிழாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் என் அத்தை பையனுக்காகச் சொல்கிறேன். 1977-ல் ஸ்டார் வார்ஸ் படம் ஓடு ஓடென்று ஓடியது. கென்னர் கம்பெனியால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து முடிக்க முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு அட்டை உறைக்குள் ஒரு சீட்டை வைத்துக் கடையில் விற்றார்கள். அந்தச் சீட்டைத் தபாலில் அனுப்பினால் அடுத்த வருஷம் நான்கு பொம்மை வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸ் காலையில் பரிசைப் பிரித்த பையன்கள் கையில் அட்டைதான் இருந்தது. அது நகைச்சுவை இல்லை, நெருக்கடி. ஆனால் அட்டை மட்டும் இருந்தாலும் ஜனம் வாங்கும் என்று அன்றைக்கே தெரிந்துபோனது. மச்சான், கேட்டுக்கோ.

இந்த எக்ஸ்க்ளூசிவ் சமாசாரத்தில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. இவ்வளவு நல்ல டிசைன் எல்லாம் வரிசையில் நின்ற கொஞ்சம் பேருக்குத்தான் போகிறது. அதிலும் பாதிப் பேர் மறுநாளே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை வைத்து இணையத்தில் விற்கிறார்கள். வாங்கியவனோ டப்பாவின் மூலை மடங்கிவிடுமே என்று கண்ணாடிப் பேழையில் பூட்டிவைக்கிறான். அவன் வீட்டில் யாரும் அந்தக் கதவைத் திறந்து பார்த்துச் சிரிப்பதில்லை. இந்த விஷயத்தில் டப்பாவைத் தூக்கிப்போட்ட என் அத்தை பையனும் அவனும் ஒன்றுதான்.

ஊதா ஜேசனை ஒரு வாரம் என் மேசையில் வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "பெயின்ட் தப்பா அடிச்சுட்டானா?" என்று ஒருவர் கேட்டார். டப்பா இல்லாத ஜேசன் வெறும் மட்டமான பொம்மை.

பொறுக்க முடியாமல் நானே உட்கார்ந்தேன். இணையத்தில் கிடைத்த படங்களை வைத்து அளவெடுத்து, விரித்த டப்பாவை வரைந்து, கதவு, மடிப்பு, ஒட்டுமடி எல்லாம் சரிபார்த்து, சிவகாசியில் எனக்கு வழக்கமாக வேலை செய்து தரும் அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். ஃபோர்மேன் அண்ணாச்சிக்கு முப்பது வருஷ சர்வீஸ். பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி, காலண்டர் என்று அவர் கைபடாத அட்டை கிடையாது.

"எத்தன ஆயிரம் தம்பி?"

"ஒண்ணு அண்ணாச்சி."

"ஒரு ஆயிரமா?"

"ஒரே ஒரு டப்பா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு டப்பாவுக்கு டை (அட்டை வெட்டும் அச்சு) போட்டால் கட்டாது, பிரிண்ட் எடுத்துக் கையால் வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. ஸ்கேலை வைத்து மடிப்புக் கோட்டை ஒருதடவை அழுத்திவிட்டுக் கதவை மடித்தார். ஜன்னல் வழியாக ஜேசன் எட்டிப் பார்த்தான். மூடினார். திரும்பவும் திறந்தார்.

"வெளிய வீடியோ கேம்னு போட்டிருக்கு, உள்ள பொம்மையில்லா இருக்கு. வாங்குறவன் சண்டைக்கு வரமாட்டானா தம்பி?"

"அதான் அண்ணாச்சி ஜோக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப ஒண்ணு செய்வமா? கீழ ஓரத்துல சின்னதா, 'உள்ளே பொம்மை'ன்னு ஒரு வரி போட்டுருவோம்."